தராசும் சஹனும்

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. குளியலறை வாசலில் கிடந்த எடைப்பொறியில் ஏறி நின்றேன். 61 கிலோ என்று காட்டியது. பதினொரு மாதங்களுக்கு முன்பு அதே பொறி காட்டியது 78. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சில் ஓர் அச்சம் எழுந்தது. இனி என்ன செய்வது?

இதை யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. எடையைக் குறைப்பது எப்படி என்று சொல்வதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. சென்னை மண்ணடியில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் மட்டும் மூன்று பெண்கள் மூன்று விதமான வழிகளைச் சொல்லியிருந்தார்கள். வெந்தயத் தண்ணீர் ஒருவர், சோற்றை அறவே நிறுத்துவது இன்னொருவர், கருஞ்சீரகம் மூன்றாமவர். குறைத்து முடித்த பின் மனிதன் எப்படி உண்பது, எப்படி வாழ்வது என்று சொல்ல ஒருவரும் இல்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே பலருக்குத் தோன்றியிருக்கவில்லை. எனக்கும் அதற்கு முன் தோன்றியதில்லை.

நான் எடை குறைக்கத் தொடங்கிய காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் வாப்பா நீரிழிவு நோயால் இடது காலை இழந்தவர்கள். கடைசி நான்கு ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்தே தொழுதார்கள். எனக்கு 41 வயதானபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3 விழுக்காடு என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவின் வாசற்படியில் நிற்கிறோம் என்று பொருள். மருத்துவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் என் கண்ணில் நின்றது வாப்பாவின் ஒற்றைச் செருப்பு. அவ்வளவுதான். வேறு எந்த அறிவுரையும் எனக்குத் தேவைப்படவில்லை.

உணவியல் ஆலோசகர் ஒருவரிடம் சென்றேன். அவர்கள் சொற்படி ஒரு சமையலறைத் தராசு வாங்கினேன். சோறு இத்தனை கிராம், மீன் இத்தனை கிராம், எண்ணெய் இத்தனை தேக்கரண்டி என்று நிறுத்தும் அளந்தும் உண்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் நாற்பதுக்கு மேல் கலோரி இருப்பதை அறிந்தபோதுதான், தாளிக்கையில் சட்டியில் நான் கவிழ்த்த எண்ணெயின் கணக்கு விளங்கியது. பிள்ளைகளின் தட்டில் மிஞ்சியதை வீணாக்கலாகாது என்று வழித்து உண்ணும் தாய்மாரில் நானும் ஒருத்தி. அந்தப் பருக்கைகளுக்கும் கணக்கு உண்டென்பதை அந்தத் தராசுதான் கற்றுத்தந்தது. இந்தப் பகுதி கடினமாக இருந்தது. ஆனால் விளங்கிக்கொள்ள எளிதாக இருந்தது. வாரந்தோறும் ஓர் எண் குறைந்தது. பார்த்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். பழைய உடுப்புகளைத் தைத்துக் குறுக்கக் கொடுத்தேன்.

ஆனால் இது எனக்கு மூன்றாவது முறை. 2014இல் ஒன்பது கிலோ குறைத்தேன். ஒன்றரை ஆண்டில் பன்னிரண்டு கிலோ கூடியது. 2018இல் சோற்றை முற்றிலும் விலக்கிப் பதினொரு கிலோ குறைத்தேன். அதுவும் வட்டியோடு திரும்பியது. வட்டி ஹராம் என்று உடலுக்கு யார் சொல்வது! இரண்டு முறையும் நஃப்ஸை அடக்கத் தெரியாதவள் என்று என்னை நானே இழித்துக்கொண்டேன். ஆகையால் 61 என்ற எண்ணைக் கண்டபோது வெற்றி பெற்றவளாக என்னை நான் உணரவில்லை. திருட்டுப் பொருளை வைத்திருப்பவளைப் போல, எப்போது பிடிபடுவோம் என்று அஞ்சினேன்.

ஆலோசகர் அம்மையார் அன்று எனக்குச் சொன்னவற்றை முழுமையாக உள்வாங்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. எடை குறைந்த உடல் முன்பு செலவிட்ட அளவு ஆற்றலைச் செலவிடுவதில்லை. சுமை குறைந்ததால் செலவு குறைவது ஒரு புறம். பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணி உடல் தன் செலவை இன்னும் சற்றுச் சுருக்கிக்கொள்வது மறுபுறம். கொழுப்புத் திசுக்கள் சுரக்கும் லெப்டின் என்னும் இயக்குநீர், போதிய சேமிப்பு உண்டு என்று மூளைக்குச் செய்தி சொல்வது. கொழுப்புக் கரையக் கரைய அதன் குரல் தேய்கிறது. இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் அப்போது ஓங்கி ஒலிக்கிறது. 2011இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் இந்த இயக்குநீர்கள் பழைய நிலைக்கு வந்திருக்கவில்லை, பசியும் தணிந்திருக்கவில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. 2014இலும் 2018இலும் என் மீது நான் சுமத்திய பழியில் பெரும்பகுதி என்னைச் சேர்ந்ததன்று. இலக்கை எட்டிய அன்றே "முடிந்தது" என்று குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுப் பழைய தட்டுக்குத் திரும்பினேன். பழைய தட்டோ பழைய உடலுக்கு உரியது. நான் அறிந்திருந்தது குறைக்கும் வித்தை ஒன்றை மட்டுமே. அதுவும் ஒரு முடிவுத் தேதி உள்ள வித்தை.

"இத்தோடு நிறுத்துங்கள்" என்றார்கள் அம்மையார். "ஓராண்டு இந்த எடையில் இருக்கப் பழகுங்கள்."

என் உயரம் 158 சென்டிமீட்டர். 61 கிலோவுக்கு உடல் நிறைக் குறியீடு 24.4 வருகிறது. இந்தியர்களுக்கு 23க்கு மேல் போனாலே கூடுதல் எடை என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் 57 வரை இறங்க வேண்டாமா என்று வாதிட்டேன். இரத்தச் சர்க்கரை 5.6க்கு வந்துவிட்டது, இரத்த அழுத்தம் சீராகிவிட்டது, இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டது, இன்னும் நான்கு கிலோவுக்காக இந்த உடலோடு போரிட்டுப் பதினேழையும் இழக்க வேண்டாம் என்றார்கள். வாரத்துக்கு வாரம் நாளொன்றுக்கு நூறு கலோரி அளவில் உணவைக் கூட்டிக்கொண்டே வந்து, எடை எங்கே நிலைக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். அதாவது, காலையில் இன்னுமொரு முட்டையோ, பகலில் இன்னும் இரண்டு கரண்டிச் சோறோ.

நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து 57 என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

இப்போது சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் தயங்கினேன். சகோதரிகள் யாருக்கேனும் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன். எடை இறங்குவது நின்றுபோன அந்த வாரங்களில் நான் திங்களும் வியாழனும் நஃபில் நோன்பு நோற்கத் தொடங்கினேன். சுன்னத்தான நோன்பு, அதில் குறை சொல்ல எவருக்கும் வாயில்லை. ஆனால் நிய்யத் வைக்கும்போதே மறுநாள் காலை எடைப்பொறி என்ன காட்டும் என்று மனம் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. செயல்களுக்கு அவற்றின் எண்ணங்களைப் பொறுத்தே கூலி என்ற நபிமொழியைச் சிறு வயதில் மதரஸாவில் மனனம் செய்தவள் நான். குளிர்பதனப் பெட்டியின் கதவில், வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு என்ற ஹதீஸை எழுதி ஒட்டியும் வைத்திருந்தேன். அதை என்னை அடிக்கும் பிரம்பாகவே நான் பயன்படுத்தி வந்தேன் என்பது அப்போது தெரியவில்லை.

என் இளைய மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. "உம்மா, நானும் திங்கள் வியாழன் நோன்பு பிடிக்கிறேன்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உறவினர் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் அதைச் சொன்னேன்.

2023 ஜனவரியில் காக்காவின் மகளுக்கு நிக்காஹ். செந்தூர் எக்ஸ்பிரஸில் காயல்பட்டினம் புறப்பட்டோம். பெட்டியில் உடுப்புகளுக்கிடையே என் சமையலறைத் தராசை ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தேன். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊர்க் கல்யாணச் சாப்பாட்டை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. களறிச் சாப்பாடு என்போம். விரித்த பாயில் எல்லோரும் அமர, சஹன் என்னும் அகன்ற தட்டில் சோறு குவித்து, அதன் மேல் களறிக் கறியும் கத்தரிக்காய் பருப்பும் வரும். ஒரு சஹனில் இருவரோ மூவரோ சேர்ந்து உண்பர். யார் அருகில் யார் என்று பார்ப்பதில்லை. மனஸ்தாபத்தில் இருந்த இரண்டு மாமிமார் ஒரே சஹனில் அமர நேர்ந்து, கறித் துண்டை ஒருவர் மற்றவர் பக்கம் ஒதுக்கித் தள்ள, அத்தோடு பேச்சு வந்துவிட்டதை நான் கண்டிருக்கிறேன். சஹனில் உண்ணும் உணவை நிறுக்க முடியாது. எவ்வளவு என் பங்கு என்று எந்தத் தராசும் சொல்லாது. ஆகையால் ஓராண்டாக நான் எந்தச் சஹனிலும் அமரவில்லை. விருந்துகளுக்குப் போவதைத் தவிர்த்தேன். தவிர்க்க முடியாதபோது டப்பாவில் அவித்த காய்கறியும் முட்டையும் கொண்டுபோனேன்.

அன்றும் அப்படியே செய்தேன். உள்ளறையில் ஓர் ஓரமாக அமர்ந்து டப்பாவைத் திறந்தேன். வெளியே பெரியம்மா என் மகளைச் சஹனுக்கு அழைப்பது கேட்டது. அவள் வயிறு சரியில்லை என்றாள். பிறகு உள்ளே வந்து என் பக்கத்தில் அமர்ந்து, என் டப்பாவிலிருந்து இரண்டு வெள்ளரித் துண்டுகளை எடுத்துக்கொண்டாள்.

உம்மா வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார்கள். எழுபத்திரண்டு வயது. அதிகம் பேசாதவர்கள். "உனக்கு டாக்டர் சொன்னாரு, சரி. புள்ளைக்கு யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்றிரவு அவள் உறங்கிய பின் அவளுடைய பையைத் திறந்தேன். பள்ளிக் குறிப்பேடு ஒன்று இருந்தது. அதில் என்னுடைய குறிப்பேட்டில் இருப்பது போலவே அளவுகோல் வைத்துக் கட்டங்கள் வரைந்திருந்தாள். முதல் கட்டத்தில் கிழமை. இரண்டாவதில் உண்டது. மூன்றாவதில் எடை. திங்கள், வியாழன் ஆகிய நாள்களுக்கு நேரே "நோன்பு" என்று எழுதி, மறுநாள் எடையைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள். எடை இறங்கியிருந்த இடங்களில் சிறு நட்சத்திரம்.

பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளை எடை கூட வேண்டியவள். அவள் எலும்பு வளர்கிறது; மாதவிடாய் சீராகும் பருவம். எடை ஏறாமல் நின்றாலே கவனிக்க வேண்டும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். ஆனால் அதைப் புரிந்துகொள்ள எனக்கு அன்றிரவே மருத்துவர் தேவைப்படவில்லை. நான் உறவினரிடம் சொல்லிப் பெருமைப்பட்ட நஃபில் நோன்பு எதுவென்று அந்தக் குறிப்பேடு சொல்லிவிட்டது. அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் யாரென்றும் சொல்லிவிட்டது.

தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுந்த உம்மா, நான் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதைக் கண்டார்கள். காட்டினேன். உம்மாவுக்குக் கண் பார்வை மங்கல். நான்தான் படித்துச் சொன்னேன். நீண்ட நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, ஸல்மானுல் ஃபாரிஸி (ரலி) அவர்கள் அபூதர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த செய்தியைச் சொன்னார்கள். அபூதர்தா நோன்பு நோற்றிருக்க, நீர் உண்ணாமல் நான் உண்ண மாட்டேன் என்று விருந்தாளி சொல்லிவிட, அவர்கள் அந்த நஃபில் நோன்பை விட்டு அவரோடு அமர்ந்து உண்டார்கள். உமது இறைவனுக்கும் உம்மிடம் உரிமை உண்டு, உமது உடலுக்கும் உண்டு, உமது குடும்பத்துக்கும் உண்டு என்று ஸல்மான் எடுத்துச் சொன்னதை, நபி (ஸல்) அவர்கள் உண்மை என்று ஏற்றார்கள். புகாரியில் வரும் செய்தி. நான் பலமுறை கேட்டதுதான். "உடம்புக்கு உரிமை இருக்குன்னா, பட்டினி போடவும் உரிமை இல்ல, திணிக்கவும் உரிமை இல்ல" என்றார்கள் உம்மா. பிறகு தொழப் போய்விட்டார்கள்.

மறுநாள் வலீமாவில் நான் சஹனில் அமர்ந்தேன். ஒருபுறம் உம்மா, எதிரே மகள். கை நடுங்கியது என்று சொன்னால் மிகையென்று நினைக்க வேண்டாம். ஓராண்டுக்குப் பின் அளவு தெரியாத சோற்றில் கை வைக்கிறேன். எங்கே நிறுத்துவது?

அப்போதுதான் கவனித்தேன். உம்மா தம் முன்னால் இருந்த பகுதியிலிருந்து மட்டுமே எடுத்தார்கள். சிறிய கவளம். மென்று விழுங்கிய பின்னே அடுத்தது. நடுவில் இருந்த கறியைப் பிய்த்துப் பேத்தியின் பக்கம் வைத்தார்கள். என் பக்கம் வைத்தார்கள். பிறகு கொஞ்சம் தமக்கு. பேச்சு நடந்துகொண்டிருந்தது. தம் முன்னால் ஒரு குழிவு உண்டானதும் கையை நிறுத்திவிட்டு, மற்றவர் உண்டு முடிக்கும் வரை ஒவ்வொரு பருக்கையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள், எழுந்தால் நாங்களும் எழுந்துவிடுவோம் என்பதற்காக. உணவுத் தட்டில் கையை அங்குமிங்கும் அலைய விட்ட சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமாவுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த ஒழுங்குகளில் ஒன்று, உனக்கு அருகில் இருப்பதிலிருந்து உண் என்பது. சஹனில் அளவு இல்லை என்று நான் எண்ணியிருந்தேன். எனக்கு முன்னால் இருந்த அந்தச் சிறு வளைவுதான் அளவு. எழுபத்திரண்டு வயதிலும் உம்மாவின் எடை இளமையில் இருந்ததை ஒட்டியே இருப்பதை நான் அதுவரை பரம்பரை வாகு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாகும் இருக்கலாம். ஆனால் வாப்பாவும் அதே வீட்டில்தான் உண்டார்கள், தனித் தட்டில், ஆண்களுக்கு உரிய தாராளத்தோடு. உம்மாவும் மற்றப் பெண்களும் எஞ்சியதைச் சஹனில் பகிர்ந்துகொண்டார்கள். அதில் ஓர் அநீதியும் உண்டென்பதை நான் மறைக்கவில்லை.

என் மகள் அன்று கொஞ்சம் உண்டாள். கொஞ்சம்தான்.

சென்னை திரும்பியதும் தராசை மேல் அலமாரியில் வைத்தேன். இரண்டு குறிப்பேடுகளையும் மூடினோம். மகளோடு பேசியதை இங்கே விரித்து எழுதுவது அவளுக்கு நியாயமாகாது. மன்னிப்புக் கேட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அவளைக் குழந்தை மருத்துவரிடமும், பிறகு சில மாதங்கள் ஓர் உளவியல் ஆலோசகரிடமும் அழைத்துச் சென்றோம். வீட்டில் எடை என்ற சொல்லையே எவரும் உணவு நேரத்தில் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். நோன்பு நோற்பதாக இருந்தால் மறுநாள் எடைப்பொறியில் ஏறுவதில்லை என்பது எனக்கு நானே விதித்துக்கொண்டது. மகள் வளர்ந்து எடை கூடி மருத்துவர் சரி என்று சொல்லும் வரை ரமளான் அல்லாத நோன்பு அவளுக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

ஆனால் என் உடல் இருக்கிறதே! அளப்பதை விட்டதும் அது பழைய வழியில் ஏறத் தொடங்கினால்? இரண்டு முறை ஏறியது. வாப்பாவின் செருப்பை நான் மறக்கவில்லை. மகளுக்காகத் தராசை மறைக்க வேண்டும். எனக்காக அளவை விடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கடந்த இரண்டரை ஆண்டுகள் கழிந்திருக்கின்றன.

அம்மையாரிடம் திரும்பச் சென்று, அவர்கள் முதலில் சொன்னதைச் செய்தேன். உணவை மெல்லக் கூட்டினேன். முதல் வாரம் எடை ஒன்றரைக் கிலோ ஏறியது, அலறிவிட்டேன். சோற்றைக் கூட்டினால் உடல் மாவுச் சத்தைச் சேமிக்கும்போது தண்ணீரையும் சேர்த்தே பிடித்து வைக்கும், உப்புக் கூடிய ஒரு விருந்து போதும் மறுநாள் ஒரு கிலோ காட்ட, அது கொழுப்பன்று என்று சொல்லிப் பொறுத்திருக்கச் சொன்னார்கள். மூன்றாம் வாரத்தில் நின்றது. ஆறு வாரங்களில், குறைத்த காலத்தில் உண்டதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ நானூறு கலோரி கூடுதலாக உண்டும் எடை நிலையாக இருந்தது. நானூறு கலோரி என்பது எனக்கு ஒரு பெருநாள். இடியாப்பம் திரும்பியது. வாரம் ஒருமுறை தேங்காய்ப்பாலும் திரும்பியது.

61 என்ற ஒற்றை எண்ணைக் கைவிட்டு, 60க்கும் 63க்கும் நடுவே ஒரு வேலி போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக் காலை, ஜும்ஆக் குளிப்புக்கு முன், மகள் பள்ளிக்குப் போன பின் ஒருமுறை ஏறிப் பார்ப்பேன். வேலிக்குள் இருந்தால் அந்த வாரம் அதைப் பற்றி நினைப்பதில்லை. இரண்டு வாரம் தொடர்ந்து 63ஐத் தாண்டினால் இரவுச் சோற்றைக் குறைத்து, இனிப்பை நிறுத்திக்கொள்வேன். அமெரிக்காவில் 1994 முதல், எடையைக் குறைத்து ஓராண்டுக்கு மேல் காத்து வருபவர்களின் விவரங்களைப் பதிவேடாகத் தொகுத்து வருகிறார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்ட பழக்கங்கள் வியப்பளிக்காதவை: வாரம் ஒருமுறையேனும் எடை பார்ப்பது, காலை உணவைத் தவிர்க்காதது, வார நாளிலும் விடுமுறையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி உண்பது, நாளுக்கு ஒரு மணி நேரம் அளவில் நடப்பது. இதைப் படித்தபோது, அளவில் சிறியதாயினும் தொடர்ந்து செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்ற நபிமொழி நினைவுக்கு வந்தது. என் பதினொரு மாத வீரத்தைவிட இந்தச் சலிப்பூட்டும் வெள்ளிக்கிழமைகள் கடினமானவை. யாரும் மாஷா அல்லாஹ் சொல்வதில்லை. குறையாத எடையை யார் பாராட்டுவார்?

ஃபஜ்ருக்குப் பின் மொட்டை மாடியில் நாற்பது நிமிடம் நடக்கிறேன். மாலையில் காய்கறி வாங்க நடந்தே போகிறேன். தண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தல்களைத் தூக்கி இறக்கும் பயிற்சியைக் கணவர் கேலி செய்வார்கள். தசை குறைந்தால் உடலின் செலவும் குறையும் என்று சொன்ன பிறகு அவர்களும் இரண்டு போத்தல் கேட்டார்கள்.

2023 ரமளான்தான் முதல் பெரும் சோதனை. எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் முந்தைய ஆண்டு நோன்புக் கஞ்சியைக்கூட ஒதுக்கியிருந்தேன். இம்முறை பள்ளிவாசல் கஞ்சி ஒரு கோப்பை, பேரீச்சம்பழம், தண்ணீர், இவற்றோடு மஃக்ரிப் தொழுதுவிட்டு வந்து எல்லோரோடும் அமர்ந்தேன். சமோசாவை நான் விலக்கவில்லை. வீட்டில் பொரிப்பதை வாரம் இரண்டு நாள் என்று ஆக்கினேன், அனைவருக்குமாக. எனக்கென்று தனிச் சமையல் இனி இல்லை என்பதில் உறுதியாக இருந்தேன். மற்ற நாள்களில் கடற்பாசியும் பழமும் சுண்டலும். முதல் வாரம் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். மகன் இன்னமும் முணுமுணுக்கிறான். மாத இறுதியில் எடை 61.8. பெருநாளன்று வட்டிலப்பம் இரண்டு துண்டு உண்டேன், இரண்டாவதும் வேண்டியே உண்டேன்.

எப்போதும் இப்படி வாய்த்ததில்லை. 2024இல் உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு மாதங்கள் ஊரில் இருந்தேன். நடை நின்றது. உறக்கம் நின்றது. பார்க்க வருகிறவர்கள் கொண்டுவந்த பலகாரங்களை நள்ளிரவில் நின்றபடியே உண்டேன். சென்னை திரும்பியபோது எடை 65.4. பழைய நானாக இருந்திருந்தால் அன்றே சோற்றை நிறுத்தியிருப்பேன். அல்லது எல்லாம் போயிற்று என்று கைவிட்டிருப்பேன். எதுவும் செய்யாமல் ஒரு வாரம் உறங்கினேன். பிறகு நடக்கத் தொடங்கினேன். வேலிக்குள் திரும்ப ஐந்து மாதங்கள் ஆயின. உம்மா இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார்கள்; சஹனுக்குக் கீழே அமர முடிவதில்லை. ஒரு சிறு மேசையில் சஹனை வைத்து, சுற்றி நாற்காலி போட்டு அமர்கிறோம்.

மகளுக்கு இப்போது பதினாறு. பசித்தால் உண்கிறாள். சில நாள்கள் தட்டைத் தள்ளி வைக்கும்போது என் நெஞ்சு திடுக்கிடும். பரீட்சைக் கவலையாக இருக்கும், நான் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு பயிற்சியாகவே இருக்கிறது.

இந்த ஆண்டு ரமளானின் கடைசி வாரத்தில் அவள் மேல் அலமாரியிலிருந்து அந்தத் தராசை இறக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கணம் எனக்கு மூச்சு நின்றது. "ஃபித்ரா அரிசி நிறுக்கணும்லம்மா" என்றாள். எங்கள் வீட்டில் தலைக்கு இரண்டரைக் கிலோ என்று கணக்கு. மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. தம்பியைக் கடைக்கு அனுப்பி வாங்கிவரச் செய்து, கூடத்தில் அமர்ந்து ஐந்து பைகளிலும் அரிசியை நிறுத்துக் கட்டினாள், ஒன்று உம்மாவின் பெயருக்கு. ஒவ்வொன்றையும் நிறுத்த பின் மேலே ஒரு கைப்பிடி அரிசியைக் கூடுதலாகப் போட்டாள்.